இரண்டு வீட்டுப் பிள்ளை

கிளினிக்கில் உயரம் பார்க்கும் பலகையில் ஏறி நில் என்றதும் கிஷன் நின்றான். மற்றப் பிள்ளைகள் அலறி, காலை உதறி, நர்ஸ் மிஸ்ஸியின் கையைத் தட்டிவிட்ட அதே இடத்தில் இவன் மட்டும் குதிகாலை ஒட்டி, முதுகை ஒட்டி, சொன்னபடி நின்றான். வரிசையில் இருந்த ஒரு சீனப் பெண்மணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவன் அம்மா மலர்விழிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மலாய்க்கார மிஸ்ஸி அவன் தலைமேல் கட்டையை இறக்கினாள். எண்ணைப் பார்த்தாள். கட்டையை உயர்த்தி மறுபடியும் இறக்கினாள். பிறகு நீலப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, பிறந்த தேதியை விரலால் தொட்டுப் படித்தாள். தேதி சரிதானா என்று மலாயில் கேட்டாள்.

சரிதான் என்றாள் மலர்விழி. இரண்டு வயது ஏழு மாதம்.

மிஸ்ஸி பக்கங்களைப் புரட்டினாள். புத்தகத்தில் கடைசியாக ஒரு வயதில் எழுதியிருந்தார்கள். அதற்கும் இன்றைக்கும் நடுவே இருந்த கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. மிஸ்ஸி அந்த வெள்ளையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, ஆறாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னாள்.

“இருமலுக்குத்தான் வந்தோம்” என்றாள் மலர்விழி.

“இருமல் அப்புறம்” என்றாள் மிஸ்ஸி.

ஆறாம் அறையில் இருந்தது தமிழ்ப் பெண். சின்னப் பெண்தான். சட்டைப் பையில் மாதவி என்று பெயர் குத்தியிருந்தாள். கீழே டயட்டீஷன் என்று இருந்தது. பேசுவதற்கு முன்னால் மேசையைப் பார்த்தாள்.

“உக்காருங்கக்கா. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வரீங்களா?”

“எப்படி மிஸ் தெரியும்?”

“நெத்தில தொப்பிக் கோடு இருக்கு.”

மலர்விழி நெற்றியைத் தடவிக்கொண்டாள். மேரு ஊரில் இருக்கும் கிளவுஸ் பேக்டரியில் அவளுக்கு வேலை. பன்னிரண்டு மணி நேரம் விளக்கின் முன்னால் நின்று, ஊதின கையுறைகளில் ஓட்டை பார்க்க வேண்டும், நீளம் பார்க்க வேண்டும். ஒரு நகத்தளவு குட்டையாக இருந்தாலும் ரிஜெக்ட் தொட்டி. ஏழு வருடமாகப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் அளவுகோலே வேண்டாம், கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

மாதவி புத்தகத்தின் வளர்ச்சிக் கோட்டுப் படத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

“எடை பாருங்க. பரவால்ல. கன்னம் எல்லாம் இருக்கு. அதான் யாருக்கும் சந்தேகம் வரல. இது உயரம். எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.”

“ம்.”

“ஒன்றரை வயசுப் பிள்ளையோட உயரம்கா இது.”

மலர்விழி சிரித்துவிட்டாள். சிரிப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. “அவங்க அப்பா கட்டை மிஸ். ஐஞ்சடி ரெண்டு. லோரி ஓட்டுற கூட்டாளிங்க கூட அவரைக் கட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க வம்சமே அப்படித்தான்.”

“இருக்கலாம். ஆனா கட்டையான பிள்ளைன்னா, கீழ இருக்குற கோட்டப் புடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு ஏறும். ஏறாம இருக்காது.” மாதவியின் பேனா ஒரு வயதுப் புள்ளியில் நின்றது. “இதுவரைக்கும் இவனும் ஏறியிருக்கான். அப்புறம் பாருங்க.”

பேனா கிட்டத்தட்டப் படுக்கையாக நகர்ந்தது.

கிஷன் மடியில் இருந்து சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து, நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினான். விரலை வாயில் வைத்தான். மலர்விழி கையைத் தட்டிவிட்டாள். “சீ. எப்பப் பாரு.”

“வீட்லயும் சுவத்தத் திம்பானா?”

“கட்டில் பக்கம் பெரிய ஓட்டையே போட்டுட்டான். அவங்க அப்பா பெயிண்டர்னு கிண்டல் பண்ணுவாரு.”

மாதவி எழுந்து வந்து கிஷனின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. உதட்டை விலக்கினாள். மேலே நடுவில் இருந்த இரண்டு பற்களும் கறுத்துக் குச்சியாகத் தேய்ந்திருந்தன. அதை ஊசிப்பல் என்று வீட்டில் கொஞ்சுவார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பதினொன்றாவது இருக்க வேண்டியது, ஏழு புள்ளி ஒன்பது இருந்தது. இரும்புச் சத்து அவ்வளவு குறைந்தால் பிள்ளைகள் மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் என்று மாதவி மெதுவாகச் சொன்னாள்.

“என்னக்கா சாப்பிடுறான்?”

“எல்லாம் சாப்பிடுவான் மிஸ்.”

“நேத்து என்ன சாப்ட்டான்?”

மலர்விழி வாயைத் திறந்தாள். நேற்று. நேற்று மாலை ஆறரைக்கு உஷா ஆன்டி வீட்டில் விட்டாள். “ஆன்டி வீட்ல சாப்ட்டிருப்பான். பேபிசிட்டர்.”

“என்ன குடுத்தாங்க?”

“கேக்கல.”

“பகல்ல?”

“பகல்ல என்கூடத் தூங்குவான். பால் குடிப்பான்.”

“என்ன பால்?”

மலர்விழி பையில் இருந்த டின்னை எடுத்துக் காட்டினாள். பவுடர் பால் கொடுத்தபோது அவனுக்கு வயிறு இறுகிப்போனது. பேக்டரி லைனில் ஒருத்தி இதைக் கலக்கிக் கொடுக்கச் சொன்னாள். அதிலிருந்து இதுதான். இனிப்பாக இருக்கும், அடம் பிடிக்காமல் குடிப்பான். மாதவி டின்னைச் சுழற்றிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தாள்.

“இது பால் இல்லக்கா. கிரிமர். சீனியும் பாமாயிலும்தான் அதிகம். பால் கொஞ்சம் இருக்கு.”

“கடைல மாட்டுப் படம் போட்ட டின்னும் பக்கத்துலதான் மிஸ் அடுக்கி வெச்சிருப்பாங்க. பால் அடுக்குலதான் இருக்கும்.”

“ஆமாக்கா” என்றாள் மாதவி. அவள் கொஞ்சம் ஏசியிருந்தால் மலர்விழிக்குத் தேவலை போல் இருந்தது.

போகும்போது இரண்டு தாள் கொடுத்தாள். “ஒண்ணு உங்க வீட்டுக்கு. ஒண்ணு ஆன்டிக்கு. மூணு நாள், வாயில போறது எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதுங்க. கூட்டியும் எழுத வேணாம், குறைச்சும் எழுத வேணாம். யாரையும் குத்தம் சொல்ல இல்ல. எங்க ஓட்டைன்னு தெரியணும்.”

“வளந்துருவான்ல மிஸ்?”

மாதவி மேசையைப் பார்த்தாள். “ரெண்டு வயசுக்குள்ள புடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் கொஞ்சம் எட்டிப் புடிப்பான். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியலக்கா. இன்னிக்கே ஆரம்பிக்கணும். மூணு மாசத்துல மறுபடியும் அளக்கணும்.”

காப்பார் சாலையில் இருக்கும் பிளாட்டுக்கு மலர்விழி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. மழை வரும்போல வெயில் கொதித்தது. இருமல் மருந்தும் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தும் வாங்கிவந்திருந்தாள். கதவைச் சாத்தியதும் தையல் பெட்டியில் இருந்து டேப்பை எடுத்து, கிஷனைக் கதவுச் சட்டத்தோடு நிறுத்தி அளந்தாள். எண்பத்திரண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்தாள். எண்பத்தொன்றரை.

அவன் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

கணவன் திருச்செல்வத்தைப் போனில் அழைத்தாள். அவன் யோங் பெங் அருகே எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். மில்லில் இருந்து பாமாயில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் டேங்கர் அவனுடையது. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பான்.

“ஒன்றரை வயசு உயரமா? யாரு சொன்னா? பலகை கோணலா இருந்திருக்கும் லா.”

“வீட்லயும் அளந்தேன்.”

“நான் கட்டை. நீ மட்டும் என்ன, கம்பமா? எனக்குப் பொறந்தவன் எப்படி இருப்பான்? நம்ம வம்சம் லேட்டாத்தான் வளரும்.”

“நீங்க எப்ப வளந்தீங்க?”

மறுமுனையில் லோரி இரைச்சலுக்கு நடுவே அவன் சிரித்தான். “சரி சரி. சண்டே வந்து பேசிக்கலாம். கட்டைய ஏசாத.”

அவள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். தலைமாட்டில் வெந்நீர் பிளாஸ்க், டின், மூன்று போத்தல். அவன் புரளும் சத்தம் கேட்டால் கை தானாகப் போகும். கண்ணைத் திறக்காமலே கலக்க, குலுக்க, மூடியைத் திருக, அவன் வாயில் வைக்க அவள் பழகியிருந்தாள். அவனும் கண்ணைத் திறக்காமலே குடிப்பான். நல்ல பிள்ளை. மற்றவர்கள் பிள்ளைகளைப் போல அம்மாவைத் தூங்கவிடாமல் படுத்தமாட்டான். லைனில் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கும் அவன் புரண்டான். கை டின்னுக்குப் போய் நின்றது. அழ ஆரம்பித்தான். வீட்டில் ரொட்டி இருந்தது, கொடுத்தாள், விட்டெறிந்தான். அரை மணி நேரம் அழுதான். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். அவள் போத்தலைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, தாளை எடுத்து எழுதினாள்: பதினொன்றே முக்கால், கிரிமர், ஒரு போத்தல்.

ஆன்டி உஷாராணி அதே பிளாக்கில் மூன்றாம் மாடி. அவள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணியில் இருந்து பிள்ளைகள் வந்து இறங்கும். மேருவில் இரவு வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள். ஹாலில் ஐந்து மெத்தை, ஐந்து தலையணை, ஐந்து சின்னப் போர்வை, ஒவ்வொன்றும் வேறு நிறம். வீடு சோப்பு வாசமாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தன் மடியிலேயே போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். அவளிடம் இடம் கிடைக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

“வாடா என் சேட்டு” என்று கிஷனைக் கதவிலேயே வாங்கிக்கொண்டாள். “சாப்டாச்சா இவன்?”

“ஆச்சு ஆன்டி” என்றாள் மலர்விழி, தினமும் சொல்வதுபோல. சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு தாளை நீட்டினாள். “கிளினிக்ல குடுத்தாங்க. என்னென்ன குடிக்கிறான், சாப்பிடுறான்னு எழுதணுமாம்.”

உஷாராணி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது என்னா, போலீஸ் ரிப்போட்டா?”

“எல்லாருக்கும் குடுக்குறாங்க ஆன்டி.”

“எனக்குக் குடுத்தாங்களா? நான் நாலு பெத்து வளத்தேன், எவளும் ஒரு தாள் குடுக்கல.” முகம் சிறுத்துவிட்டது. பிறகு பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “எழுதுறேன் எழுதுறேன். தமிழ்ப்பள்ளியில ஆறாவது படிச்சவதான். என் கையெழுத்தப் பாத்து மிஸ்ஸி மயங்கி விழட்டும்” என்றாள்.

ஞாயிறு காலை மலர்விழி வேலை முடிந்து வந்தபோது திருச்செல்வம் லோரியைப் போட்டுவிட்டு வந்து, பிளாட்டின் கீழே நின்றிருந்தான். கையில் ரொட்டி சானாய் பொட்டலம். இருவருமாகவே மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். மற்றப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். உஷாராணி சாப்பாட்டு மேசையில் தாளோடு காத்திருந்தாள். சிவப்பு மை. ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போட்டிருந்தாள்.

“படிச்சுப் பாரு. ஒரு வேளை தப்ப விட்டேனான்னு சொல்லு.”

மலர்விழி தன் தாளைப் பக்கத்தில் வைத்தாள். திருச்செல்வம் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

“ராத்திரி ஏழு, பால் போத்தல். பத்தரை, பால் போத்தல். ரெண்டே கால், பால் போத்தல். அஞ்சு, பால் போத்தல். ஏழு, தேத்தண்ணி, பிஸ்கட் ரெண்டு, தொட்டு.” மலர்விழியின் தாளில் அடுத்த பகல். “எட்டரை, போத்தல். பதினொண்ணரை, போத்தல். ரெண்டு, போத்தல். நாலரை, மைலோ.” அவன் திரும்ப முதல் தாளுக்கு வந்தான். “ஏழு, பால் போத்தல்.”

மறுநாளும் அதேதான். அவன் மூன்றாவது நாளைப் படிக்கவில்லை.

“சோறு எங்க?” என்றான்.

கிஷன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, ஷூக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“சோறு எழுத மறந்துட்டீங்களா ஆன்டி?” என்றாள் மலர்விழி. குரல் மிகச் சாதாரணமாக வந்தது.

“நான் எதுக்குச் சோறு எழுதணும்? நீதானே குடுத்து அனுப்புற.”

“நான் குடுக்குறது இல்லையே. நீங்க குடுப்பீங்கன்னு. வயித்த ரொப்பி அனுப்பினா உங்க வீட்ல சாப்பிட மாட்டான்னு, நான் ஒரு மைலோவ மட்டும்…”

“ஆறரைக்கு வர்ற பிள்ள சாப்ட்டுத்தான வரும்? எல்லாப் பிள்ளையும் சாப்ட்டுத்தான் வருது.”

“முன்னாடி நீங்கதானே குடுத்தீங்க. கஞ்சி.”

“முன்னாடி!” உஷாராணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “முன்னாடி நீ பகல் வேலைக்குப் போன. பிள்ள பகல்ல என்கிட்ட இருந்தான். கஞ்சி வெச்சேன், நெத்திலி இடிச்சுப் போட்டேன், கேரட்டு மசிச்சுப் போட்டேன். இல்லைன்னு சொல்லு? உன் பேக்டரில லைன மாத்தி நைட்டுக்குப் போட்டாங்க. அன்னிலேருந்து சோத்து வேளையில பிள்ள உன் வீட்ல. தூங்குற வேளையில என் வீட்ல. தூங்குற பிள்ளைய எழுப்பிக் கஞ்சி ஊத்தச் சொல்றியா?”

“நான் தெனமும் காலைல கேட்டேன் ஆன்டி. சாப்ட்டானான்னு.”

“நானும் தெனமும் சாயந்தரம் கேட்டேன்டி.”

கேட்டது உண்மை. இரண்டு பேரும் கேட்டார்கள், இரண்டு பேரும் ஆச்சு என்றார்கள். கீழே பேக்டரி பஸ்ஸின் ஹார்ன் கேட்கும், கதவில் நிற்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் வேலைக்குப் போகிறவள் நிம்மதியாகப் போகட்டும் என்று இவளும், பிள்ளை பார்க்கிறவள் மனம் கோணக்கூடாது என்று அவளும் சொன்ன சொல் அது.

மலர்விழிக்குக் கணக்கு போடத் தெரியும். ஒரு வயது ஒரு மாதத்தில் லைனை மாற்றினார்கள். பதினெட்டு மாதம். ஐந்நூற்று நாற்பது நாள். ஞாயிறுகளைக் கழிக்கலாம் என்று நினைத்தாள். ஞாயிறுகளில் திருச்செல்வம் கடைக்கு அழைத்துப் போவான். டால் குழம்பில் முக்கின ரொட்டியை வாயில் வைத்தால் கிஷன் டாலை உறிஞ்சிவிட்டு ரொட்டியை அப்படியே வெளியே எடுத்துக் கையில் கொடுப்பான். அதைக் காட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். படம்கூட எடுத்தார்கள். ஞாயிறுகளைக் கழிக்க முடியவில்லை.

“இந்த டின்னுல என்ன இருக்காம்?” என்றான் திருச்செல்வம்.

“சீனியும் பாமாயிலும்.”

அவன் டின்னைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். “பாமாயிலா.” மறுபடியும் எடுத்தான். “நான் டேங்கர்ல ஏத்திட்டு வர்றது.”

“என்னங்க…”

“எம்பிள்ளைக்கா?”

உஷாராணி சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கூட இருந்தாள். ஆனால் அவன் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரிடமோ விசாரிப்பதுபோலப் பேசினான்.

“பாலன் ஐஞ்சடி பத்து, தெரியுமா ஆன்டி? என் கூடப் பொறந்தவன். பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கான்.”

“தெரியும். உன் கல்யாணத்துல பாத்தேனே. நெட்டையா.”

“அவன ஒரு வயசுல மாமா தூக்கிட்டுப் போயிட்டாரு. அவங்களுக்குப் பிள்ள இல்ல. மாமா அங்க ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தாரு. முட்டை, மீன், எல்லாம் குடுத்து வளத்தாங்க. நான் எஸ்டேட்ல. அம்மா விடிகாலைல ரப்பர் மரம் சீவப் போகும். பாலே இல்லாத தே ஓவ போத்தல்ல ஊத்தி வாயில வெச்சு, தொட்டில்ல போட்டுட்டுப் போகும். நானே சொல்லிச் சிரிப்பேன், நான் தே ஓ குடிச்சு வளந்த கட்டைன்னு.” அவன் நிமிர்ந்து மலர்விழியைப் பார்த்தான். “வம்சம்னு இல்ல நெனச்சேன்?”

அவனுடைய முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. முப்பத்தாறு வயது ஆள், யாரோ இப்போதுதான் கன்னத்தில் அறைந்ததுபோல உட்கார்ந்திருந்தான்.

உஷாராணி அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் பெரிதாகக் கேட்டது. முட்டை வெந்தது. பிறகு குழைந்த சோறும், மசித்த முட்டையும், முந்தின நாள் பருப்பும் ஒரு சின்னத் தட்டில் வந்தன.

“ஊட்டு” என்றாள். “இப்பவே ஊட்டு. என் கண்ணு முன்னாடி ஊட்டு.”

மலர்விழி பிள்ளையை மடியில் வைத்து ஒரு வாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“பாத்தியா, சாப்பிடுறான்” என்றாள் உஷாராணி.

கிஷன் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பார்த்தான். சோறு ஒரு கன்னத்தில் புடைத்து நின்றது. தாடை அசையவில்லை. நாக்கால் சப்பிப் பார்த்தான், போத்தல் காம்பைச் சப்புவதுபோல, உதடு குவிந்து குவிந்து விரிந்தது. சோறு போகவில்லை. மறுபடியும் சப்பினான். முகம் சிவந்தது. ஒக்களித்தான். எல்லாம் மார்பில் வழிந்தது.

“மெல்லுடா” என்றான் திருச்செல்வம். “மெல்லு தம்பி. இப்படி.” பல்லைக் கடித்துக் காட்டினான்.

கிஷன் அப்பாவின் பல்லைப் பார்த்துச் சிரித்தான்.

“அவனுக்குத் தெரியல” என்றாள் மலர்விழி.

“என்ன தெரியல?”

“மெல்லத் தெரியல.”

உஷாராணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஐந்து மெத்தைகளையும் ஒரு முறை பார்த்தாள், அவற்றில் யார் யார் படுக்கிறார்கள் என்று எண்ணுவதுபோல. “மத்ததுங்களுக்கும் கேக்கணும்” என்றாள். “நாளைக்கு எல்லார்கிட்டயும் கேக்கணும். வீட்ல என்ன குடுக்குறீங்கன்னு வாயத் தொறந்து கேக்கணும். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிட்டுப் போறாளுங்க.” பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். “என் கையில இருந்த பிள்ளடி. ராத்திரி முழுக்க என் பக்கத்துலதானே படுத்துக் கெடந்தான்.”

மலர்விழிக்கு அழுகை வரவில்லை. இன்னொரு வாய் உருட்டினாள். துப்பினான். இன்னொரு வாய். போத்தல் கேட்டு அலற ஆரம்பித்தான். திருச்செல்வம் எழுந்து டின்னை எடுத்துப் போய், ஜன்னல் பக்கம் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். முக்கால் மணி நேரம் போனது. தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“ரெண்டு வீட்லயும் குடுப்போம்” என்றாள் உஷாராணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சாயந்தரம் நீ குடுத்துட்டு வா. நான் ஏழரைக்கு மறுபடியும் குடுக்குறேன். காலைலயும் குடுக்குறேன். ரெண்டு வாட்டி தின்னு வாந்தி எடுத்தா எடுக்கட்டும். நீ ஆச்சுன்னு சொன்னாலும் நான் நம்பப்போறது இல்ல. நான் சொன்னா நீயும் நம்பாத.”

“நீ எப்பத் தூங்குவ?” என்றான் திருச்செல்வம் மலர்விழியிடம்.

“தெரியல. மத்தியானம் அலாரம் வெச்சு எந்திரிச்சு ஊட்டணும்.”

“பகல் லைன் கேட்டுப் பாரு.”

“நாளைக்குச் சூப்பர்வைசர்கிட்ட கேக்குறேன். லைனே இல்லைன்னுதான் சொல்லுவான்.”

கிஷன் அழுது அழுது ஓய்ந்திருந்தான். அவள் ஒரு சோற்றுப் பருக்கையை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒட்டி, சப்ப வசதியாக முன்னால் வைக்காமல், வாயின் ஓரமாக, உள்ளே கடைவாய்ப் பல்லின் மேல் வைத்தாள். அந்தப் பற்கள் நன்றாக இருந்தன. யாரும் பயன்படுத்தாத பற்கள். தாடையை வெளியில் இருந்து இன்னொரு கையால் மெல்ல மேலே தள்ளினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் அவளையே பார்த்தான். அவள் மறுபடியும் தள்ளினாள்.

திடீரென்று கடித்தான்.

அவள் “ஆ” என்று கத்திவிட்டாள். விரலை எடுக்கவில்லை. அவன் மிரண்டு பார்த்தான், கோபிக்கவில்லை என்று கண்டதும் மறுபடியும் கடித்தான், இந்த முறை இன்னும் பலமாக, முகம் முழுக்க அதிலேயே இருந்தது. பருக்கை எங்கோ போய்விட்டது. விழுங்கியிருந்தான்.

“கைய எடு மலரு, ரத்தம் வருது” என்றான் திருச்செல்வம்.

“இருங்க” என்றாள். “இன்னொரு பருக்கை வைங்க.”

திங்கள் மாலை ஏழு மணிக்கு லைனில் நின்றாள். மத்தியானம் அலாரம் வைத்து எழுந்ததில் கண் எரிந்தது. ஆறு வாய் போயிருந்தது. பகல் லைன் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டிருந்தான். உஷா ஆன்டி கதவிலேயே கிஷனின் வாயைத் திறந்து, கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற தஸ்லீமா அவள் கையைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவன் கடித்ததில் விரலைச் சுற்றி நீலமாகப் பல் வரிசை பதிந்திருந்தது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. மேல் வரிசையின் நடுவில் மட்டும் இரண்டு பல்லுக்கு இடம் வெறுமையாக இருந்தது.

“அலாமாக், என்னாச்சு? நாய் கடிச்சிருச்சா?”

“இல்ல. எம்பையன்.”

“எவ்வளவு பெருசு உம்பையன்?”

மலர்விழி பதில் சொல்லப் போனாள். கை தானாக உயர்ந்து, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே காற்றில் ஓர் இடத்தில் நின்றது. ஏழு வருடமாக அளவு பார்க்கிற கை அது. தவறாமல் சரியான உயரத்தில், எண்பத்திரண்டில் நின்றது.

அந்தக் கையைப் பார்த்தபடியே நின்றாள். விளக்கு எரிந்தது, முதல் கையுறை ஊதிக்கொண்டு வந்தது, தஸ்லீமா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளால் கையை இறக்க முடியவில்லை.